பேர் சொல்லா மருந்து



சொற்பொழிவாற்றும் தகுதி எனக்கில்லை. யான் ரயில்வே குமாஸ்தா. ஆயினும் செயலாளர் விடவில்லை. ஆதலின் என் கிணற்றடியில் நிற்கும் ஒரு செடியைப் பற்றிச் சில சொற்கள் கூறி அமர்கின்றேன்.

அது வசம்பு. நம் பாட்டிமார் விளக்கு வைத்தபின் அப்பெயரை உச்சரியார். 'பேர் சொல்லா மருந்து' என்பர், 'பிள்ளை வளர்ப்பான்' என்பர். இங்கே அமரவிளையில் அண்டை வீட்டு அம்மையார் 'வயம்பு' என்று இரவிலும் கூசாமல் சொல்கின்றார். தீங்கொன்றும் விளைந்ததாகத் தெரியவில்லை.

சதுப்பு நிலத்தில் பல்லாண்டு வாழும் பூண்டு இது. வாள்போன்ற இலை, கசக்கினால் மணம். நெய்யாறு அருகே ஓடினும் நம் குடியிருப்பின் மண் செம்மண்; நீர் தங்காது. எனவே பழைய சிமெண்டுத் தொட்டியின் துளையை அடைத்து, வயற்சேறு நிரப்பி, முளையுள்ள கிழங்குத் துண்டை மேலாக அழுத்தி நட்டேன். சேற்றின்மேல் விரற்கடை நீர் எப்போதும் நிற்க வேண்டும். ஒரு சித்திரையில் பத்து நாள் ஊருக்குச் சென்று திரும்பினேன்; இலைகள் வைக்கோலாகிக் கிடந்தன. நீர் விட்டதும் கிழங்கு மீண்டும் துளிர்த்தது.

என் செடி இதுவரை ஒரு விதையும் கட்டியதில்லை. ஐரோப்பாவிலும் அவ்வாறே, அங்குள்ளது மலட்டினம். 1574-இல் துருக்கியிலிருந்து வந்த கிழங்கைக் குளுசியஸ் என்னும் அறிஞர் வியன்னாவில் வளர்த்துப் பிறர்க்கும் வழங்கினார். கைமாறியே அது பரவிற்று. என்னுடையது அன்னையார் திருநெல்வேலியிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொணர்ந்த துண்டு.

சென்ற ஆண்டு என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. அன்னையார் வசம்பை விளக்கில் சுட்டு நாவில் தடவ முனைந்தார். மருத்துவர் கூடாதென்றார். வசம்பெண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குப் புற்று உண்டாக்கியதால், 1968-இல் அமெரிக்க அரசு அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. யான் இதனை எடுத்துரைத்தேன். "உன்னை இது கொடுத்துத்தானேடா வளர்த்தேன்!" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் கூற்றும் பொய்யன்று. எனினும் கைக்குழந்தையைக் கொண்டு சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அந்தத் துண்டு இப்போது பாட்டனாரின் ஏட்டுக்கட்டில் பூச்சி அண்டாமல் காக்கின்றது. தொட்டிக்கு நீர் ஊற்றுபவர் அன்னையாரே.

வாயிற்படியருகே ஈரச்சாக்கில் எட்டுத் துண்டுகள் வைத்துள்ளேன். தொட்டி உள்ளவர்கள் எடுத்துச் செல்லலாம்.