செவி கூறும் சான்று

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையில் மொழியைப் பற்றிப் பேசுவது நம் வழக்கம். மொழி நாவிலே பிறப்பதாக எண்ணுகிறோம். உண்மையில் அது செவி வழியே உட்புகுந்து, பின்னரே நாவுக்கு வருகிறது. ஆதலின் இன்று செவியைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகிறோம். நாம் மருத்துவரல்லோம், ரயில்வேயில் எழுத்துவேலை பார்க்கிறோம். அறிஞர் கூறியவற்றுள் நம் இல்லங்களுக்கு வேண்டியதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களில் முன்னரே வாழ்ந்த தமிழரும், பணி நிமித்தம் பின்னர் வந்து குடியேறிய நம் போன்றோரும் இல்லத்தில் தமிழும் வெளியே மலையாளமும் பேசுகிறோம். இத்தகைய வீட்டுக் குழந்தை இரண்டு வயதாகியும் பேசவில்லையெனில், "இரண்டு மொழி கேட்டுக் குழம்புகிறது, தானே பேசிவிடும்" என்று பெரியோர் ஆறுதல் கூறுவர். "இவன் தாத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்பாரும் உளர். இந்த ஆறுதல் சில வேளைகளில் கேடாய் முடிகிறது. இரு மொழி கேட்பதால் குழந்தையின் பேச்சு நின்றுபோவதில்லை. பேசாத குழந்தைக்கு முதலில் அறிய வேண்டியது, அதற்குக் காது கேட்கிறதா என்பதே.

பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தால் போதாதோ? போதாது. சில ஓசைகள் மட்டும் கேட்கும் குழந்தையும் திரும்பிப் பார்க்கும். கையசைவின் நிழலைக் கண்டும் திரும்பும். ஆயின் செவியே நேராகச் சான்று கூறுமாறு செய்யலாம்.

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு; அதனைக் காக்ளியா என்பர். அங்குள்ள நுண்ணிய முடியணுக்கள் ஒலியின் அசைவை மின்னாக மாற்றுகின்றன. செவிநரம்பு அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்கிறது. 1930-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வீவர், பிரே என்னும் அறிஞர் இருவர் பூனையின் செவிநரம்பில் மின்முனை வைத்து, கம்பியை வேறோர் அறைக்குக் கொண்டு சென்றனர். பூனையின் காதருகே பேசிய சொற்கள் அவ்வறையில் தொலைபேசிக் குழலில் தெளிவாகக் கேட்டன! அவற்றிற் பெரும்பகுதி காக்ளியாவே எழுப்பிய மின்னென்று பின்னர் அறியப்பட்டது.

இன்று மின்முனையைச் செவிப்பறைமேல் வைத்தோ, செவிப்பறையினூடே நடுச்செவிச் சுவரில் வைத்தோ அந்த மின்னை அளக்கின்றனர். இதற்கு எலெக்ட்ரோகாக்ளியோகிராபி என்று பெயர். தலைசுற்றலும் காதிரைச்சலும் தரும் மெனியர் நோயை ஆராயவும் இது உதவுகிறது. குழந்தைகளுக்கு இதனினும் எளிய முறைகள் இரண்டு உள. 1971-இல் ஜூவெட், வில்லிஸ்டன் என்போர் விளக்கிய முறை, தலையில் ஒட்டும் மின்முனைகளால் நரம்பும் மூளைத்தண்டும் தரும் விடையை அளப்பது. மருத்துவமனைகளில் 'பெரா' என வழங்குவது இதுவே. 1978-இல் கெம்ப் என்பார் காக்ளியாவே மெல்லொலி எழுப்புவதைக் கண்டறிந்தார், 'ஓ.ஏ.இ.' சோதனை அதிலிருந்து பிறந்தது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெராவில் அளக்கும் மின்னோ ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆதலால் 'டிக், டிக்' என்னும் ஓசையை ஆயிரக்கணக்கான முறை ஒலிக்கச் செய்து, கணிப்பொறி சராசரி காண்கிறது. குழந்தை உறங்கினால் போதும். ஊசியில்லை, உடலுள் மின்சாரம் செலுத்துவதுமில்லை.

ரயில்வேயில் செய்தி அடுத்த நிலையம் சேராவிடில், கருவி பழுதா, கம்பி பழுதா என்று பிரித்துப் பார்ப்பார்கள். இங்கும் அவ்வாறே. ஓ.ஏ.இ. காக்ளியாவை மட்டும் பார்க்கும். பெரா நரம்பையும் பார்க்கும். சில குழந்தைகளுக்குக் காக்ளியா செவ்வனே இயங்கியும் நரம்பு செய்தியை ஒழுங்காகக் கடத்துவதில்லை. பிறந்தவுடன் கடும் மஞ்சள்காமாலை கண்ட குழந்தைக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் இருந்த குழந்தைக்கும் பெரா மிக அவசியம்.

வல்லுநர் கூறும் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு. ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை. மூன்று மாதத்துக்குள் முடிவு. ஆறு மாதத்துக்குள் செவிக்கருவி முதலிய உதவி. மொழி பதியும் பருவம் நமக்காகக் காத்திராது.

உதவியும் தொலைவிலில்லை. 1979 முதல் பாறசாலை வழியே திருவனந்தபுரத்துக்கு ரயில் ஓடுகிறது. அந்நகரின் ஆக்குளத்தில் 1997-இல் தொடங்கிய, 'நிஷ்' எனப்படும் தேசியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் உள்ளது. சிறு குழந்தைகளுக்குக் காக்ளியா கருவி பொருத்தக் கேரள அரசு 2012-இல் 'சுருதிதரங்கம்' திட்டத்தைத் தொடங்கிற்று.

அன்பர்களே! சோதனைக் கருவியின் ஓசை தமிழுமன்று, மலையாளமுமன்று. அது கேட்கும் குழந்தைக்கு இரண்டும் வசப்படும்; கேளாத குழந்தைக்கும் காலத்தே கண்டறிந்தால் கருவியாலோ, பயிற்சியாலோ, சைகையாலோ மொழி வந்து சேரும். கைக்குழந்தையுள்ள இல்லத்தார் இன்றிரவே மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். காதுச் சோதனை அதில் குறிக்கப்படவில்லையெனில், நாளையே சென்று கேளுங்கள்.