ஒன்பதாவது கோளும் சேலத்து விளக்குகளும்

(ஏற்காடு சந்திப்பில் ஆற்றிய உரை)



படிக்கிற காலத்தில் இதே ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று, கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்து "அடேங்கப்பா!" என்று வாய்பிளந்தவர்களில் நானும் ஒருவன். அன்று ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

இங்கிருந்து வடக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். 1988 பிப்ரவரி 17-ல் ராஜமோகன் அங்கே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். 'ராமானுஜன்' என்று பெயர் வைத்தார்கள். தேடலின் பெயர் 'கல்கி'. (பத்தாவது அவதாரம், பாருங்கள்!) கருவி, 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி. வானத்தின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, எந்தப் புள்ளி நகர்ந்தது என்று பார்க்கணும், அவ்வளவுதான் வேலை. 1930-ல் புளூட்டோ அகப்பட்டதும் இப்படித்தான்.

2016-ல் பாட்டிகின், பிரவுன் இருவரும், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள சில சிறு பொருள்களின் பாதைகள் ஒரே பக்கமாக ஒதுங்கியிருப்பதைக் காட்டி, காணாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார்கள். எங்கள் தொழிலில், அதிர்வு கேட்கிறது, எந்த பேரிங் என்று தெரியவில்லை என்போமே, அது மாதிரி. தேடிய இடத்திலேயே தேடியதால் வந்த தோற்றம் என்று மறுப்பவர்களும் உண்டு. கோள் இன்னும் அகப்படவில்லை.

அத்தனை மங்கலான புள்ளிக்கு நல்ல இருட்டு வேண்டும். போன வருடம் ஒரு மலை விடுதிக்கு, வானத்தைப் பார்த்து எரியும் ஃபோகஸ் விளக்குகள் போட்டுக் கொடுத்தவன் நானேதான்! இன்று சாப்பாடு முடிந்ததும் வாசல் விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பிகளா, பத்து நிமிஷம் வெளியே வாங்க.