சப்பரக் கொட்டகையில் பத்து நாள்



இன்று ஒரு நாயைப் பற்றிப் பேசப்போகிறேன். மறையுரையில் நாயா என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். விவிலியத்திலும் ஒரு வீட்டு நாய் வருகிறது. தோபித்து நூலில் இளைஞன் தோபியா, தந்தை கொடுத்துவைத்த பணத்தை வாங்கிவர வெளியூர் புறப்படுகிறான். கூட வழித்துணையாக இரபேல் வானதூதர். அவர்களோடு வீட்டு நாயும் கிளம்புகிறது. திரும்பி வரும்போதும் பின்னாலேயே வருகிறது. அந்த நாய் எதையும் சாதிக்கவில்லை. கூடவே போய், கூடவே வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் தூய ஆவியார் அதை ஏட்டில் எழுதவைத்திருக்கிறார்.

எங்கள் பங்கு இல்லத்து நாயின் பெயர் மணி. எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தை குட்டியாக எடுத்து வளர்த்தது. அவர் மாற்றலாகிப் போகும்போது, "இது கோவில் சொத்து, பொறுப்பு ஒப்படைப்பில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். இப்போது அதற்கு வயது 13. நாய்க்கு அது பழுத்த கிழம்.

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். கோவில்பிள்ளை ஓடி வந்தார். "சாமி, மணிக்கு வெறி பிடிச்சிருச்சு." போய்ப் பார்த்தேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எழுந்து நிற்கப் பார்க்கும், வட்டமாகச் சுற்றும், சுவரில் மோதி விழும். கண்மணி இரண்டும் கடிகாரத்து ஊசல் போல இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தன. வாயோரம் நுரை. அதற்குள் நாலு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரும் வழி அது. அவர்கள் பயந்ததில் தவறில்லை. "என்ன சாமி செய்யலாம்?" என்று கேட்டார்கள்.

நான் சொன்ன பதில்: "பிள்ளைகள் வருகிற நேரம். பார்த்துச் செய்யுங்கள்."

பார்த்துச் செய்யுங்கள்! தமிழில் இதைவிட வசதியான வாக்கியம் இல்லை. கொல்லச் சொன்னதாகவும் ஆகாது, தடுத்ததாகவும் ஆகாது. பிலாத்து கை கழுவத் தண்ணீராவது கேட்டான். நான் அதுகூடக் கேட்கவில்லை.

தடுத்தது எங்கள் சமையல்கார அம்மாதான். கையில் கரண்டியோடு வந்து நாய்க்கும் கம்புக்கும் நடுவில் நின்றார். "அடிக்காதீங்கய்யா. இது வெறியில்லை. எனக்கும் இப்படித்தான் சுத்தும். கண்ணைத் தொறந்தா வீடே கரகரன்னு சுத்தும், வாந்தி வரும், செவுத்தைப் பிடிச்சாத்தான் நிக்க முடியும்" என்றார்.

கம்புகள் கொஞ்சம் தாழ்ந்தன. நான் அறைக்குப் போய் மணியின் தடுப்பூசி அட்டையைத் தேடினேன். கடைசி வெறிநோய் ஊசி போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முந்தைய சாமியார் ஆண்டு தவறாமல் போட்டிருக்கிறார். விட்டது நான். ஆகவே வெறியே இல்லை என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நல்லவேளை, அது யாரையும் கடித்திருக்கவில்லை.

அரசு கால்நடை மருந்தகத்திலிருந்து மருத்துவர் மதியம் வந்தார். கண் ஆடுவதையும் தலை சாய்ந்திருப்பதையும் வெகுநேரம் பார்த்தார். காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு விளக்கினார். நமக்கும் நாய்க்கும் உடம்பை நிலையாக நிறுத்துகிற உறுப்பு உட்காதில் இருக்கிறது. வயதான நாய்களுக்கு அது திடீரென்று ஒரு நாள் தடுமாறிவிடும். காரணம் பல நேரம் தெரிவதில்லை. சில நேரம் காதில் சீழ், சில நேரம் மூளையில் கட்டி. காரணம் தெரியாமல் வருவதுதான் முதுமையில் அதிகம், அதுதான் தேறுவதும். இரண்டு மூன்று நாளில் கண் ஆட்டம் குறையும், இரண்டு மூன்று வாரத்தில் நடக்கும், தலை மட்டும் கொஞ்சம் கோணலாகவே நின்றுவிடலாம் என்றார்.

"அப்படியானால் வெறி இல்லைதானே?" என்றேன்.

"இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஃபாதர். ஆனால் ஊசி விட்டுப்போயிருக்கிறதே. வெறிநோய் வந்த நாய் அறிகுறி தெரிந்தபின் அநேகமாகப் பத்து நாளுக்குள் இறந்துவிடும். தனியாக அடைத்து வைத்து 10 நாள் பாருங்கள். தண்ணீர் குடிக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வாய்ப் பக்கம் யாரும் கை கொண்டுபோக வேண்டாம். யாரையாவது கடித்தால் மட்டும் பத்து நாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்." 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும் வெறிநோய்ச் சந்தேகம் உள்ள நாயைத் தனிமைப்படுத்தத்தான் சொல்கின்றன, அடித்துக் கொல்லச் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

பூட்டி வைக்க வேறு இடமில்லாமல் மணியைச் சப்பரக் கொட்டகையில் வைத்தோம். திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் கொட்டகை. ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையை எங்கள் பகுதியில் அறியாதவர் இல்லை. வீரமாமுனிவர் அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்தார். அடைக்கலம், காவல் என்ற இரண்டு சொற்களையும் தினமும் செபத்தில் சொல்லிக்கொண்டே நாங்கள் கம்பைத் தூக்கியிருந்தோம். மாதாவின் சப்பரம் நிற்கும் இடத்தில் நாயை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அடைக்கலம் கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

முதல் மூன்று நாள் கடினம். தரை வழுக்காமல் சாக்கு விரித்தோம். படுத்த பக்கமே கிடந்தால் புண் வந்துவிடும் என்பதால், நீளமான கம்பில் துணி சுற்றி, தோளில் கை கொடுப்பதுபோல் மெல்ல மறுபக்கம் திருப்பினோம். கம்பு அப்படியும் உதவுகிறது. நனைந்த சாக்கை மாற்றுவது என் வேலை. கஞ்சித் தட்டைக் கதவிடுக்கில் தள்ளிவிடுவோம். நமக்குப் போடும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் கொடுக்கக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவை நாய்க்கு விஷமாகிவிடலாம். நான்காம் நாள் கண் ஆட்டம் நின்றது. ஆறாம் நாள் எழுந்து, நாலு எட்டு வைத்து விழுந்தது. பத்தாம் நாள் கதவைத் திறந்தோம். தலை கோணலாக, போதையில் வருகிறவன் போலத் தள்ளாடி, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. முதல் நாள் கம்பு எடுத்தவர்களில் ஒருவர்தான் துண்டை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தாங்கிப் படியிறக்கினார்.

"நாய்க்குப் போய் மருந்தா சாமி?" என்றும் கேட்டார்கள். நல்ல கேள்விதான். மொத்தச் செலவு 340 ரூபாய். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் பத்தியில் இரண்டு பக்கமும் பேசுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது. அதேபோல, மனிதரின் துயர் துடைக்க முதலில் போகவேண்டிய பணத்தை விலங்குக்குக் கொட்டுவதும் தகாது. எனவே மூளைக் கட்டி என்று வந்திருந்தால், பெரிய ஊருக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கில் செலவழித்திருக்க மாட்டேன். வலிக்கு மருந்தில்லை என்று மருத்துவர் சொன்னால், வலியின்றி அவர் ஊசி போட்டு முடிப்பதைப் பாவம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அது மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டியது. கம்பு சொல்லக்கூடாது.

இதெல்லாம் நாயின் கதை. எனக்குத் தூக்கம் வராமல் செய்தது வேறொன்று. நாலாம் நாள் இரவு, சாக்கை மாற்றும்போது அந்த வார்த்தை திரும்ப வந்தது. "எனக்கும் இப்படித்தான் சுத்தும்." ஒன்பது வருடமாக எனக்குச் சோறு போடுகிறவர். எப்போதிலிருந்து சுற்றுகிறது? நான் ஏன் கேட்கவில்லை? பணக்காரன் வாசலில் கிடந்த இலாசரை நாய்கள்தான் கண்டுகொண்டன என்று எத்தனை முறை பிரசங்கம் வைத்திருப்பேன்!

காலையில் கேட்டேன். எட்டு மாதமாம். இரண்டு முறை கிணற்றடியில் விழுந்திருக்கிறார். மகன் சிங்கப்பூரில், மகள் திருப்பூரில். "சொன்னா வேலையை விட்டு நிப்பாட்டிருவீங்கன்னு நினைச்சேன் சாமி" என்றார்.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். காது மருத்துவர் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, சட்டென்று படுக்கவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். உட்காதில் மிகச்சிறிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டாம். அவை இடம் பெயர்ந்து பக்கத்துக் குழாய்க்குள் போய்விட்டால் தலை சுற்றுமாம். சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் ஆக்கும் ஊர்க்காரன் நான், காதுக்குள்ளும் சுண்ணாம்பு இருப்பது 50 வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தலையை வரிசையாகச் சில பக்கங்களுக்குத் திருப்பி, அந்தத் துகள்களைப் பழைய இடத்துக்கே அனுப்பினார். மாத்திரைகூட அதிகமில்லை. மறுவாரம் இன்னொரு முறை. இப்போது சுற்றுவதில்லை. எட்டு மாதம் சுவரைப் பிடித்து நடந்தவருக்கு அரை மணி நேர வேலை.

தோபித்து நூலில் வீட்டில் காத்திருப்பது கண் தெரியாத தந்தை. தாய் அன்னா தினமும் வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் நான் வீடு சந்திக்கப் போனால் பாதித் திண்ணைகளில் அந்த அன்னாதான் இருக்கிறாள். பிள்ளைகள் சென்னையில், துபாயில். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "நல்லா இருக்கேன் சாமி" என்பார்கள். இப்போது நான் அதோடு விடுவதில்லை. எழுந்து நடந்து காட்டச் சொல்கிறேன். கை சுவரைத் தேடுகிறதா என்று பார்க்கிறேன்.

மணி இன்னும் இருக்கிறது. தலை இடது பக்கம் சாய்ந்தபடிதான். வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு எங்கள் பங்கில் வெறிநோய்த் தடுப்பூசி போட கால்நடை மருத்துவர் வருகிறார். எந்த மதத்தவரானாலும், எந்தத் தெருவானாலும் உங்கள் நாய்களைக் கொண்டு வரலாம். சங்கிலி இல்லாதவர்கள் கயிறு கட்டிக் கூட்டி வாருங்கள். நடக்க முடியாத கிழங்களைத் தூக்கி வாருங்கள். அட்டையை மறந்துவிடாதீர்கள், நான் மறந்ததுபோல.