மின்கம்பியின் காவலனும் கணக்கனும்
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிணற்றில் நீர் இருந்தும் வயலில் பயிர் வாடுவதை நாம் கண்டிருக்கிறோம். மின்சாரம் வந்தவுடன் எல்லா மோட்டார்களும் ஒருசேர ஓடத் தொடங்குகின்றன, மின்னழுத்தம் தாழ்கிறது, மோட்டாரின் சுருள் கருகுகிறது, சில வேளைகளில் டிரான்ஸ்பார்மரே பழுதாகிறது. கதிர் விடும் பருவத்தில் இது நேர்ந்தால் விளையும் நஷ்டத்தை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, துணை மின் நிலையத்தில் இரவும் பகலும் விழித்திருக்கும் காப்பு ரிலே என்னும் கருவியைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

11,000 வோல்ட் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை நேரே அளப்பது ஆபத்து. எனவே மின்னோட்ட மாற்றி அதனைச் சிறிதாக்கித் தருகிறது. உதாரணமாக, கம்பியில் 200 ஆம்பியர் ஓடினால் ரிலேக்கு 5 ஆம்பியர் செல்லும். இதைக் கொண்டு ரிலே இரு பணிகள் ஆற்றுகிறது. முதலாவது காவல். கம்பிகள் ஒன்றோடொன்று உரசி மின்னோட்டம் அளவு கடந்து பாய்ந்தால் விரைவில் இணைப்பைத் துண்டிக்கச் செய்கிறது.

இரண்டாவது கணக்கு. மோட்டார் புறப்படும்போது ஏறத்தாழ 6 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சில விநாடிகளில் தணிகிறது. அந்தக் கண நேர உச்சத்தையே தேவை என்று எழுதினால் கணக்குப் பிழையாகும். கம்பியையும் டிரான்ஸ்பார்மரையும் கெடுப்பது நீடித்த சூடு. அதுவோ அடுப்பில் ஏற்றிய உலையைப் போலச் சிறிது சிறிதாகவே ஏறும். ஆதலால் ரிலே 15 நிமிடம் போன்ற ஒரு காலத்தின் சராசரியைக் காண்கிறது. முதல் 5 நிமிடத்தில் 100, அடுத்த 5 நிமிடத்தில் 160, அதற்கடுத்து 190 ஆம்பியர் எனில், தேவை 150 ஆம்பியர். மேலும் 5 நிமிடம் கழிந்ததும் பழைய முதற்பகுதியை நீக்கிப் புதியதைச் சேர்த்துக்கொள்ளும். இவற்றுள் மிக உயர்ந்த தேவையைப் பதிவு செய்து வைக்கும். வரம்பு மீறினால் எச்சரிக்கையும் தரும்.

அந்த ரிலே பல ஊர்களுக்குச் செல்லும் மின்பாதை முழுவதற்குமே கணக்குச் சொல்லும். நம் ஊர் டிரான்ஸ்பார்மரின் கணக்கை நாமே போடலாம். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் பேஸ் ஒன்றுக்குச் சுமார் 133 ஆம்பியர் தாங்கும். 5 குதிரைச்சக்தி மோட்டார் முழுப்பளுவில் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். வேறு பளு இல்லையெனினும் 17 மோட்டார்களுக்கே இடமுண்டு. 25 மோட்டார்கள் ஓடினால் 187 ஆம்பியருக்கு மேலாகும்.

செய்யவேண்டியவை என்ன? ஏரிநீருக்கு முறை வைப்பதுபோல மோட்டாருக்கும் முறை வையுங்கள். தானியங்கி ஸ்டார்ட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுமாறு நேரத்தை மாற்றி அமையுங்கள். தகுந்த கெப்பாசிட்டர் பொருத்தினால் மோட்டாருக்காகக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் குறையும். உங்கள் ஸ்டார்ட்டரிலும் ஒரு சிறு ரிலே உண்டு. அது அடிக்கடி நிறுத்துகிறதே என்று கம்பி கட்டி அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். அவ்வாறு செய்வது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

இத்தனைக்குப் பின்னும் பளு மிகுந்தால், எந்நேரத்தில் எத்தனை மோட்டார்கள் ஓடுகின்றன என்பதைக் குறித்து, பஞ்சாயத்தில் தீர்மானம் நிறைவேற்றிப் பொறியாளரிடம் அளியுங்கள். வெறும் முறையீட்டைவிடக் கணக்கோடு கூடிய கோரிக்கைக்கு வலிமை அதிகம்.