டிராகன் வந்தா வீடு பக்கம்

இந்த எபிசோட்ல உங்களை ஒரு சின்ன நடைக்குக் கூட்டிட்டுப் போறேன். இடம் சிங்கப்பூர், தோ பாயோ. மெதுவா நடந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். என் பாட்டியோட நடந்தா இன்னும் கொஞ்சம் ஆகும்.

இந்தப் பாதையை நான் அவங்களுக்காகத்தான் யோசிச்சு வச்சேன். போன வருஷம் ஒரு சாயங்காலம் பாட்டி ரொட்டி வாங்கக் கீழே போனாங்க. ரெண்டு மணி நேரமாகியும் வரல. தேடிப் போனா, நாலு புளோக் தள்ளி ஒரு வாய்ட் டெக்ல உட்கார்ந்திருந்தாங்க. கையில ரொட்டிப் பை. "நம்ம லெட்டர்பாக்ஸைக் காணோம்டா"ன்னாங்க. மறதி நோயின் ஆரம்பம்னு டாக்டர் சொன்னார்.

அம்மா பயந்துட்டாங்க. இனிமே தனியா வெளியே விடவே கூடாதுன்னு முடிவு. அந்த ஒரு மாசத்துல பாட்டி பேசுறதே குறைஞ்சுபோச்சு. கதவு கேட்டுக்குப் பின்னாடி நாற்காலி போட்டு காரிடாரையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அதை என்னால பார்க்க முடியல.

வீவக புளோக் ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் எண் இருக்கிறது. ஆனால் மறதி வந்தவர்களுக்கு எண்தான் முதலில் நழுவும் போல. என் பாட்டிக்கு அப்படித்தான். எண் போயிட்டா மிச்சம் என்ன? ஒரே மாதிரி தூண், ஒரே மாதிரி லிஃப்ட், ஒரே மாதிரி லெட்டர்பாக்ஸ். அதனால எண்ணே இல்லாம ஒரு வழி கண்டுபிடிக்கலாம்னு கிளம்பினேன்.

எம்ஆர்டி நிலையத்தில் ஆரம்பிக்கிறோம். சிங்கப்பூரின் முதல் ரயில் 1987-ல் ஓடியது யியோ சூ காங்கிலிருந்து இங்கேதான். 'தோ'ன்னா ஹொக்கியன்ல பெரிய. 'பாயோ' மலாய் 'பாயா'விலிருந்து வந்தது, சதுப்பு நிலம். அந்தச் சதுப்பில் 1960களில் எழுந்த நகரம் இது. குவீன்ஸ்டவுனுக்கு அடுத்த இரண்டாவது துணை நகரம். நகர மையத்தில் நாலு உயரமான புளோக்குகளில்தான் 1973 தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்கினார்கள். போட்டி முடிந்ததும் அவை சாதாரண வீடுகளாகிவிட்டன. பாட்டிக்கு நேத்து என்ன சாப்பிட்டோம்னு தெரியாது. ஆனா அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கு.

அடுத்து தோ பாயோ நகரப் பூங்கா. குளம், சின்னப் பாலங்கள், மூங்கில், தண்ணியைத் தொடுற மாதிரி தொங்கும் வில்லோ மரங்கள். 70கள்லயும் 80கள்லயும் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வரிசையில நின்ன இடம். நடுவுல ஒரு பார்வைக் கோபுரம். அந்த மாதிரி இன்னொன்னு இந்தப் பக்கத்துல கிடையாது. பாட்டி அதைத் தூரத்திலிருந்தே பிடிச்சுட்டாங்க. "இங்கதான் உங்க தாத்தா என்னை நிக்க வச்சு போட்டோ புடிச்சாரு. வெயில்ல கண்ணே தெறக்க முடியல"ன்னாங்க. குளத்தோரம் ஒரு பெஞ்ச். அங்க பத்து நிமிஷம் உட்காருவோம்.

பிறகு லோரோங் 6 ஓரமா நடந்தா டிராகன். 1979-ல் வீவக வடிவமைப்பாளர் கோர் இயான் கீ உருவாக்கிய விளையாட்டு மைதானம். தலை முழுக்க ஆரஞ்சு நிற ஓடுகள், உடம்பு இரும்பு வளையங்கள், கீழே நிஜ மணல். இப்போதைய மைதானங்களில் ரப்பர் தரைதான். இங்கே இன்னும் காலில் மணல் ஒட்டும். எங்க புளோக் இங்கிருந்து அஞ்சு நிமிஷம்.

முன்னாடி இந்த டிராகனை ஏன் காப்பாத்தி வச்சிருக்காங்கன்னு கேட்டா, சும்மா பழைய நினைவுக்குன்னு சொல்லியிருப்பேன். இப்ப அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற பேட்டையில, வேற மாதிரி இருக்கிற ஒரு பொருள் சிலருக்கு வழிகாட்டி. அதை எடுத்துட்டா அவங்க வீட்டு வழியையும் சேர்த்து எடுத்த மாதிரிதான்.

நாற்பது தடவையாவது சேர்ந்து நடந்திருப்போம். போன வாரம் பாட்டி முன்னாடி, நான் பத்தடி பின்னாடி. பூங்காவை விட்டு வெளியே வந்ததும் நின்னுட்டாங்க. இடமும் வலமும் பார்த்தாங்க. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கணும்னு இருந்தது. பிடிக்கல. அப்புறம் நடந்தாங்க. ஆரஞ்சுத் தலை தெரிஞ்சதும் திரும்பி, "டிராகன் வந்தாச்சு, வீடு பக்கம்தான். ஏன்டா பின்னாடியே வர்ற?"ன்னு கேட்டாங்க.

ஒரு நாள் டிராகனும் அவங்களுக்கு அடையாளம் தெரியாமப் போகலாம். அது எனக்குத் தெரியும். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில ஏழு மணிக்கு நாங்க இந்தப் பாதையிலதான் இருப்போம்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க: எதைப் பார்த்து வீட்டுக்குத் திரும்புறீங்கன்னு. பதில் வந்ததும், அது வரைக்கும் கூட நடந்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.