கன்னிக்கு நான் கட்டிய கதை

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ஒரு விந்தையான உதவியை வேண்டினான். அவனும் நண்பர்களும் ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். கற்பனையாக ஓர் உலகைப் படைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்த்துச் செல்வது அதன் முறை. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் வெளிவந்து பல நாடுகளிலும் பரவிய ஆட்டம் அது. “தாத்தா, எங்கள் உலகத்தில் ஒரு சின்ன சாமி ஊர் எல்லையில் நிற்கிறது. அது எப்படி வந்தது என்று ஒரு கதை கட்டித் தாருங்களேன்” என்றான்.

சிறு தெய்வத்துக்குக் கதை கட்டுவது எனக்குப் புதிதன்று. முன்னொருமுறை கட்டியிருக்கிறேன். அதனால் விளைந்ததைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்துள்ளேன்.

தெய்வக் கதைகளுக்கெனச் சில பழைய அச்சுகள் உண்டு. நம் சிவகாசிக்குப் பெயர் வந்த கதையை நீங்கள் அறிவீர்கள். தென்காசியில் நிறுவுவதற்காக அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து கொண்டுவந்த இலிங்கம், வழியிலே இவ்விடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டது என்பர். சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் வீற்றிருக்கிறாள். சாணம் பொறுக்க வந்த சிறுமி கூடையை இறக்கி வைத்தாள். மீண்டும் தூக்க இயலவில்லை. அவ்விடத்தைத் தோண்டியபோது அம்மன் சிலை கிடைத்தது என்பது அக்கோயிலின் வரலாறு. திருவரங்கத்தில் வீடணன் இறக்கி வைத்த பெருமாளும் எழவில்லை. அரசனுக்கும் சாணம் பொறுக்கும் சிறுமிக்கும் கதை ஒன்றுதான். இறக்கியதை எடுக்க முடியவில்லை. ஆகவே இவ்விடத்தைத் தெய்வமே தேர்ந்துகொண்டது என்பது அதன் பொருள்.

இன்னொரு வகைக் கதையும் உண்டு. அநியாயமாக மாண்டவர், அவரைக் காக்கத் தவறிய ஊராலேயே தெய்வமாக வணங்கப்படுவது அது. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டுகளுள் பல இவ்வகையின. முதல் வகைக் கதை ஊருக்குப் பெருமை தருவது. இரண்டாவது ஊரின் கடனை நினைவூட்டுவது. பெருமையைக் கேட்க எவரும் கூசுவதில்லை. கடனை நினைக்கத்தான் மனம் கூசுகிறது. இவ்வேறுபாடு எனக்கு அன்று தெரியாமல் போயிற்று.

1988-ஆம் ஆண்டில் நான் விருதுநகருக்குக் கிழக்கே கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். ஊர்க்கோடியில், வேப்பமரத்தடியில் முழங்கால் உயரக் கல் ஒன்று நின்றது. ‘கன்னி’ என்பதே அதற்குப் பெயர். மாசி மாதத்தில் ஓலைப்பெட்டி ஒன்றில் பாவாடையும் சட்டையும் கண்ணாடி வளையலும் வைத்துப் படைப்பார்கள். கதை என்னவென்று கேட்டேன். “அது பழைய சாமி” என்பதற்குமேல் எவரும் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் வேண்டியிருந்தது. ஒரே இரவில் எழுதி முடித்தேன். பாண்டியன் மகள் ஒருத்தி நகைப்பெட்டியுடன் அவ்வழியே வருகிறாள். வேப்பமரத்தடியில் பெட்டியை இறக்குகிறாள், எடுக்க முடியவில்லை, அங்கேயே தெய்வமாகிறாள். ஊரார் கண்ணீர் விட்டனர், எனக்கு மாலையிட்டனர். அடுத்த ஆண்டு மாற்றலாகிச் சென்றேன்.

2012-ஆம் ஆண்டில் ஒரு திருமணத்துக்காக மீண்டும் அவ்வூருக்குப் போனேன். கல் இருந்த இடத்தில் சிறு கோபுரத்துடன் கோயில் நின்றது. வாயிலில் வண்ணப் பலகையில் தல வரலாறு எழுதியிருந்தது. அது என் நாடகமே! சொற்கள்கூட மாறவில்லை, எழுதியவன் பெயர்தான் இல்லை. மகிழ்ச்சியுடன் படித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“வாத்தியாரய்யா, அது இளவரசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அக்கா. தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போனவ. பத்து வயசு. தீயில போயிட்டா. எங்க ஆத்தாதான் அந்தக் கல்ல நட்டு, அவ பாவாடைய வச்சுக் கும்பிட்டா. அப்புறம் ஊரே கும்பிட்டுச்சு.”

1923-இல் கல்கத்தாவில் தொழில் பயின்று திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அது சோறு போட்டது என்பதை மறுப்பதற்கில்லை. அச்சோற்றுக்காகக் குழந்தைகளும் கட்டை அடுக்கினர். நான் ‘பழைய சாமி’ என்று நம்பிய அக்கன்னி அத்தொழிலுக்கும் இளையவள்.

உண்மை என் கண்முன்னே கிடந்தது, நேயர்களே. ஓலைப்பெட்டியில் வைத்த பாவாடையின் நீளத்தை நான் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். அது பத்து வயதுப் பிள்ளையின் அளவு. கதையை மறந்தவர்கள்கூட அந்த அளவை மறக்கவில்லை. என் நாடகத்துக்குப் பிறகு இளவரசிக்கு ஏற்றதாகப் பட்டுப்புடவை வைக்கத் தொடங்கினார்களாம். அந்த அளவும் போயிற்று.

கதை மாறினாலும் படையல் மெய் பேசும் என்பதற்குப் பாபநாசத்துக்கு மேலே, சொரிமுத்து ஐயனார் கோயிலில் சான்று உண்டு. அந்தணனான முத்துப்பட்டன் செருப்புத் தைக்கும் குலப் பெண்கள் இருவரை மணந்து, மாடு கவர வந்த கள்வரோடு பொருது மாண்டான். அப்பெண்கள் உண்மையில் அந்தணர் பெற்ற பிள்ளைகளே என்று பின்னாளில் கதையைத் திருத்தினர் என்பது, அக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலையின் கருத்து. ஆயினும் இன்றளவும் அவனுக்குப் பக்தர்கள் காணிக்கையாகச் செலுத்துவது செருப்பு அன்றோ! கதையைத் திருத்தியவர்களால் காணிக்கையைத் திருத்த முடியவில்லை. ஆனால் நான் கதை கட்டிய ஊரில் காணிக்கையும் மாறிவிட்டது.

கோயில் பெரியவர்களிடம் சென்று உண்மையைச் சொன்னேன். “இளவரசியே இருக்கட்டும் ஐயா. தீப்பெட்டிக்குப் போன பிள்ளை என்று பலகையில் எப்படி எழுதுவது?” என்றனர். மூதாட்டியோ என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “வருசம் தவறாம விளக்குப் போடுறாங்கல்ல, அது போதும்” என்றார். எனக்கு அது போதவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட செய்தி வந்தபோது, அந்தப் பலகைதான் என் நினைவுக்கு வந்தது. தீயில் மாண்ட ஒரு பிள்ளையை ஊர் நினைத்திருப்பது, இனி ஒரு பிள்ளை மாளாதபடி காப்பதற்கும் உதவும். அந்த நினைவை நான் அழகான பொய்யால் மூடிவிட்டேன்.

இவையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். “உங்கள் உலகத்தில் எத்தனை தெய்வங்களை வேண்டுமானாலும் படையுங்கள். அங்கே புண்படுவதற்கு ஒரு தாய் இல்லை. ஆனால் கதையை முதலில் எழுதாதே. அந்தச் சாமிக்கு என்ன படைக்கிறார்கள், யார் முதலில் படைத்தார்கள் என்று முடிவு செய். கதை தானே வரும்” என்றேன். அவன் சற்று யோசித்து, “அப்படியானால் யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்று முதலில் தெரியவேண்டும், தாத்தா” என்றான். நான் ஒரு நாடகம் எழுதியும் அறியாததை அவன் ஒரு நொடியில் அறிந்துகொண்டான்.

உங்கள் ஊர் எல்லையிலும் பெயரற்ற கல் ஒன்று இருக்கலாம். அதற்குக் கோபுரம் எழுப்புங்கள்; குறையில்லை. பலகை எழுதுமுன், திண்ணையில் இருக்கும் மூதாட்டியை ஒருமுறை கேளுங்கள்.