சந்நிதியில் எதைக் கேட்பது?

(ஆலயத் திருவிழாவையொட்டி இளைஞர்களுக்காக நடைபெற்ற சமயக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசை நீள்வதை நாம் காண்கிறோம். நல்ல தேர்ச்சியும் நல்ல வேலையும் வேண்டுவது தவறன்று. ஆயினும், "நான் யார்? எதற்காக வாழப் போகிறேன்? இதனைத் தெளிவாக்கு" என்னும் வேண்டுதலும் இளமையில் எழ வேண்டும். அதன் அருமையை உணர்த்தும் ஓர் இளைஞரின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

கல்கத்தாவில் 1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் பிறந்தவர் நரேந்திரநாத தத்தர். கல்லூரியில் மேலைநாட்டுத் தத்துவம் பயின்ற அவர், எதனையும் ஆராயாமல் ஏற்காதவர். கடவுளைக் கண்டதுண்டா என்று சான்றோரிடம் வினவி வந்தார். 1881ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில், ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சரைச் சந்தித்து அவரிடமும் அதனையே கேட்டார். 'கண்டதுண்டு' என்னும் விடை கிடைத்தது. அப்பொழுதும் அவர் உடனே பணிந்துவிடவில்லை, குருவையே சோதித்தார். குருவோ சினம் கொள்ளவில்லை. சோதித்தறிந்து ஏற்கும்படியே ஊக்குவித்தார். சமயத்தைப் பற்றி வினவும் பிள்ளைகளை 'அதிகப்பிரசங்கி' என்று வாயடைக்கும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

1884ஆம் ஆண்டு தந்தையார் திடீரெனக் காலமானார். வசதியாக வாழ்ந்த குடும்பம் கடனில் மூழ்கியது. உறவினர்கள் வீட்டுரிமைக்காக வழக்குத் தொடுத்தனர். இருபத்தோரு வயது இளைஞர் வேலை தேடி வெறுங்காலுடன் அலைந்தார். குடும்பத்தின் வறுமை நீங்க அன்னை காளியிடம் வேண்டும்படி அவர் பரமஹம்சரைக் கேட்டுக்கொண்டார். "நீயே சென்று கேள்" என்றார் பரமஹம்சர். உருவ வழிபாட்டை அதுவரை ஏற்காதிருந்த நரேந்திரர், தட்சிணேசுவரத்துச் சந்நிதிக்கு மூன்று முறை சென்றார். மூன்று முறையும் பொருளைக் கேட்க அவருக்கு நா எழவில்லை. விவேகம், வைராக்கியம், ஞானம், பக்தி ஆகியவற்றையே கேட்டுத் திரும்பினார்.

அன்பர்களே! ஒருவன் உண்மையில் எதனை நாடுகிறான் என்பது, கேட்பதற்கு வாய்ப்புக் கிடைக்கும்பொழுதுதான் அவனுக்கே புலப்படுகிறது. நரேந்திரர் தம்மைக் கண்டுகொண்டது அந்தச் சந்நிதியிலேதான்.

அதற்காக அவர் கடமையைக் கைவிடவில்லை. மொழிபெயர்ப்புப் பணி செய்தார். பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். துறவு பூண்ட பின்னரும் தம் தாயாரின் நலனில் அக்கறை கொண்டிருந்தார். தன்னை அறிதல் என்பது வீட்டை மறத்தல் ஆகாது.

அவரே பின்னாளில் சுவாமி விவேகானந்தர். 1893ஆம் ஆண்டு சிகாகோ சர்வ சமயப் பேரவைக்குச் செல்லும் வழியில், அவர் பயணம் செய்த கப்பல் பினாங்கையும் சிங்கப்பூரையும் தொட்டுச் சென்றது. தம் வேண்டுதல் எதுவென்று தெளிந்த ஒருவர் நம் கரை வழியாகவும் கடந்து சென்றிருக்கிறார்.

இளைஞர்களே! நண்பன் எடுத்த பாடத்தையே நானும் எடுப்பேன் என்றும், பிறர் மதிக்கும் வேலையே எனக்கும் உகந்தது என்றும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். நாள்தோறும் விளக்கின்முன் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து உங்களையே வினவுங்கள். ஐயம் எழுந்தால் ஆலயத்தை விட்டு விலகாதீர்கள். அந்த ஐயத்தோடே சந்நிதிக்கு வாருங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை விடை தேடும் காலத்தில், உங்கள் விடையை அவன்மீது திணிக்காமல் துணை நில்லுங்கள்.

எல்லோருக்கும் தெளிந்த அறிவையும் தளராத பக்தியையும் இறைவன் அருள்வானாக!